கோலார் வேறு, தங்கவயல் வேறு

கேள்வி: கர்நாடகத்தின் தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயலை கே.ஜி.எஃப். (கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்) என்கிறோம், அது வெள்ளைக்காரன் வைத்த பெயர். சுரங்கத்தையும் மூடியாயிற்று. இனி கோலார் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே?

பதில்: போக முடியாது. கோலார் வேறு ஊர், மாவட்டத் தலைநகரம், தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒருவர் ஊரின் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பெயரை ஒட்டினால் அவர் ஒத்துக்கொள்வாரா?

வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்பது சரிதான். 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்த பிறகு அங்கே ஊரே சுரங்கத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. சாம்பியன் ரீஃப் என்பது மண்ணுக்கடியில் ஓடிய தங்கப் படிவத்தின் பெயர், அதுவே மேலே குடியிருப்பின் பெயராகவும் ஆகிவிட்டது. தங்கவயலின் நகர்ப்பகுதியான ராபர்ட்சன்பேட்டை, மைசூரில் ரெசிடென்ட்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயர். ஆனால் அந்த ஆழத்தில் இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அவர்களிலும் மிகப் பலர் தலித் மக்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே, அனல் வீசும் பாறைக்குள், எப்போது வெடித்துச் சரியும் என்று தெரியாத இடத்தில் வேலை செய்து, 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். 1902-லேயே காவிரியில் இருக்கும் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது, ஆனால் சுரங்க வேலைக்காக, வரிசையாகக் கட்டிய தொழிலாளியின் லைன் வீட்டுக்காக அல்ல. 1930-இல் கைரேகை வைக்கச் சொன்னபோது, எங்களைக் குற்றவாளி மாதிரி நடத்தாதே என்று மொத்தமாக வேலையை நிறுத்தியவர்களும் இவர்கள்தான். இத்தனை உழைத்தவர்களில் ஒருவர் பெயரையாவது அந்தப் பேட்டைகளுக்கு வைத்தார்களா?

அப்புறம், சுரங்கத்தை மூடியாயிற்று என்கிறீர்கள். 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள், உண்மை. ஊரை மூடவில்லையே! 2011 கணக்கெடுப்பின்படி 1.6 லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். விடிவதற்குள் அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டு இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு கலந்த கழிவு மண்மேடுகளின் தூசி காற்றடித்தால் இன்னும் அவர்கள் வீட்டுக்குள்தான் வருகிறது.

பெயர் மாற்றம் புதிதல்ல. மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் பெயரில் இருந்த பக்கத்து ஊர் பௌரிங்பேட்டை இன்று பங்காரப்பேட்டை. அதுபோல ராபர்ட்சன்பேட்டையை மாற்ற வேண்டும் என்றால் தாராளமாகப் பேசலாம், சுரங்கத்தில் உயிரை விட்டவர்களின் பெயரை வைக்கலாம் என்பேன் நான். முதலில் அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் இன்றும் தங்கவயல் என்றுதான் சொல்கிறார்கள்.