என்சைம் சேர்த்துப் பிரித்த மீன் புரதப் பொடி பிரஷரைக் குறைக்குமா? அப்பாவுக்கு மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கலாமா?

மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். அதற்காக அந்தப் பொடியில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. விஷயம் இதுதான். கறி சீக்கிரம் வேகட்டும் என்று பப்பாளிக்காய் போடுகிறோம் இல்லையா, அதிலுள்ள பப்பெய்ன் என்ற என்சைம் புரதத்தை வெட்டுகிறது. ஃபேக்டரியில் மீனிலும் இப்படி ஒரு என்சைமை விட்டு, சூடும் நேரமும் பார்த்து, புரதத்தைச் சிறு துண்டுகளாக்குகிறார்கள். துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் உடம்பில் உண்டாவதற்கு ஏ.சி.இ. என்ற என்சைம் வேண்டும். சில பெப்டைடுகள் அதைத் தடுக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் தடுப்பது அதைத்தான்.

ஜப்பானில் சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டுக் காயவைத்த கட்சுவோபுஷி என்று ஒன்று உண்டு. நம்ம மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதில் என்சைம் விட்டு எடுத்த பெப்டைடை, பிரஷர் சற்றே கூடுதலாக இருப்பவர்களுக்கான உணவாக அங்கே அரசு அனுமதியோடு விற்றார்கள். ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சூரை வகை மீனின் பெப்டைடைப் பற்றிய தரவுகளைப் பார்த்துவிட்டு, பிரஷருக்கு நல்லது என்று சொல்லச் சான்று போதாது என்றுவிட்டது. பலன் இருந்தாலும் லேசானதுதான். டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு எதுவும் இல்லை.

அப்புறம், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இங்கே என் கடைக்கு வருவது பெரும்பாலும் அந்தச் சூரைப் பெப்டைடு இல்லை, மீன் கொலாஜன் என்ற புரதம்தான், தோலிலும் செதிலிலும் எடுப்பது. மீன் குழம்பு மறுநாள் காலையில் சட்டியில் கட்டியாக நிற்கிறதே, அதற்குக் காரணமும் இந்தக் கொலாஜன்தான். டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது. ஆக, புரதச் சத்துக்கென்று அதை மட்டும் நம்ப முடியாது. புரதத்தைத் துண்டாக்கும்போது கசப்பும் வரலாம், அதனால்தான் ஆரஞ்சு ஃப்ளேவர். ஃப்ளேவர் இல்லாததை வாங்கிப்போன ஒரு அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "தம்பி, இது கருவாட்டுத் தண்ணியா, கசாயமா?" என்று கேட்டார்.

நல்லபடியாக மென்று சாப்பிடுகிறவருக்கு அயிரையோ வைகைக் கட்லாவோ போதும். வெட்டுகிற வேலையை வயிற்றிலுள்ள பெப்சினும் குடலிலுள்ள டிரிப்சினும் பார்த்துக்கொள்ளும். கருவாட்டை மட்டும் குறையுங்கள், பிரஷருக்கு அந்த உப்பு ஆகாது. பசியே இல்லாமல் மெலிந்துபோன பெரியவர்களுக்கு வேண்டுமானால், சுலபமாகச் செரிக்கும் புரதம் என்ற வகையில் இந்தப் பொடி உதவலாம்.

மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் கிட்டவே போக வேண்டாம். துண்டாக்கிவிட்டதால் அலர்ஜி போய்விடாது. அப்பாவுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடியிருக்கிறது என்றால், டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காதீர்கள்.