ஆளில்லா விண்கலங்கள் நிலவில் இறங்கும்போது ஏன் அடிக்கடி நொறுங்குகின்றன?
நிலவில் காற்று இல்லை, பாராசூட் உதவாது. நொடிக்குச் சுமார் 1.7 கிலோமீட்டர் வேகத்தை எஞ்சினை எரித்தே குறைக்க வேண்டும். சிக்னல் பூமிக்கு வந்து திரும்ப இரண்டரை நொடி ஆவதால், இங்கிருந்து ஓட்டவும் முடியாது. கலமே முடிவெடுக்க வேண்டும். உண்மையான சிக்கல் அங்கேதான்.

2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனக் கலம் ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது, கீழே தரை சட்டென்று ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தாழ்ந்தது. உயரமானி சரியாகத்தான் காட்டியது. மென்பொருளோ அதைப் பழுது என்று ஒதுக்கிவிட்டது. தரைக்கு வந்துவிட்டதாக நம்பிய கலம், சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. வடிவமைப்பு முடிவான பிறகு இறங்கும் இடத்தை மாற்றியிருந்தார்கள். புதிய நிலப்பரப்புக்குச் சோதனை போதவில்லை. எனக்கு மிகவும் வலித்த தோல்வி இது.

இஸ்ரோ வேறு வழியில் போனது. 2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் விழுந்தபின், இறங்கும் பரப்பை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்து, கூடுதல் எரிபொருளும் வலுவான கால்களும் கொடுத்தார்கள். சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது.