குரல்வளையில் கட்டி: பயாப்சியைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. டாக்சி ஓட்டுகிறார், சிகரெட் பழக்கம் உண்டு. இரண்டு மாதமாகக் குரல் கம்மிவிட்டது, விழுங்கினால் வலி. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், குரல்நாணில் கட்டி தெரிகிறது, புற்றுநோயாக இருக்கலாம், பயாப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று மாமியார் அழுகிறார். கிருமித்தொற்றுகூட இப்படித் தெரியும் என்கிறாள் தோழி. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, யீஷூன்

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. தோழி சொன்னது உண்மைதான். அதனாலேயே பயாப்சி சீக்கிரம் நடக்க வேண்டும்.

குரல்வளையில் வரும் காசநோய் (டிபி), பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும்: புண்ணாக, தடிப்பாக, சில நேரம் சதை வளர்ந்ததுபோல. குரல் கம்முவதும் விழுங்க வலிப்பதும் எடை குறைவதும் இரண்டிலும் உண்டு. அனுபவமுள்ள மருத்துவரும் குழாயில் பார்த்ததை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பூஞ்சைத் தொற்றும் வெள்ளைத் திட்டாகப் படர்ந்து குழப்பும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கு அது வரலாம். உங்கள் கணவரிடம் இன்ஹேலர் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பயாப்சிக்கு முன்பே ஒன்று கேட்டுவிடுங்கள்: எடுக்கும் சதையில் ஒரு துண்டைக் காசநோய், பூஞ்சைச் சோதனைக்கும் அனுப்புவார்களா? மொத்தத்தையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு டிபி இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சிங்கப்பூரில் டிபி எங்கே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதை ஒழிக்க 1997இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மாமியாரின் பயம் புரிகிறது, பெற்ற பிள்ளை அல்லவா. பொதுவாக மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே சிறு துண்டு எடுப்பார்கள், கழுத்தில் வெட்டு இருக்காது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். இதனால் பரவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாள் கடத்துவதுதான் ஆபத்து.

டிபி என்று வந்தால் வழக்கமாக 6 மாத மாத்திரை. பலதுறை மருந்தகத்தில் தாதியின் கண்முன்னே விழுங்கும் ஏற்பாடு இங்கே உண்டு. குரல்வளை டிபி எளிதில் தொற்றக்கூடியது என்பதால் வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதிப்பார்கள். முடிவு வரும்வரை அவர் முகக்கவசம் போடட்டும். மூடிய வண்டியில் பயணிகளோடு மணிக்கணக்கில் இருக்கிறாரே, ஓட்டலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சரி, புற்றுநோய் என்றே வந்தால்? குரல்நாணில் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் கதிர்வீச்சிலோ லேசர் அறுவையிலோ பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

அப்புறம், டிபி மருந்து சாப்பிட்டும் கட்டி கரையவில்லை என்றால் மறுபடியும் பயாப்சி கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. சிகரெட்டை இன்றே விடச் சொல்லுங்கள். பயாப்சிக்குத் தேதி வரவில்லை என்றால் நாளைக் காலையே மருத்துவமனைக்குப் போன் செய்துவிடுங்கள்.