பட்ஜெட் கேமிங் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடையில் ஏறியதும் "எத்தனை ஜிபி கார்டு வேணும்?" என்றுதான் கேட்பார்கள். வந்திருக்கும் கேள்விகளிலும் அந்த ஜிபி கணக்குதான், அதாவது கார்டின் சொந்த நினைவக அளவுதான், முன்னால் நிற்கிறது. கார்டு எந்த ஸ்லாட்டில் உட்காரப் போகிறது, எந்த எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அதற்கு மின்சாரம் தரப் போகிறது என்பதைப் பார்த்துவிட்டு ஜிபிக்கு வந்தால் பணம் மிஞ்சும்.

கேள்வி: ஆபீஸில் கழித்துவிட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ் ஒன்றை மலிவாக வாங்கினேன். ஐ5 நான்காம் தலைமுறை, சின்ன கேபினெட். இதில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி போடலாமா?

வேண்டாம். மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது ஸ்லாட். 6500 எக்ஸ்டி பார்க்க முழு நீள கார்டு என்றாலும் உள்ளே 4 லேன் (தரவு ஓடும் பாதை) மட்டும்தான் இணைக்கப்பட்டிருக்கிறது. பிசிஐஇ (கார்டு உட்காரும் ஸ்லாட்டின் வகை) 4.0 போர்டில் அது நொடிக்கு 8 ஜிபி அளவுக்குத் தரவைக் கடத்தும். உங்கள் போர்டு அதிகபட்சம் பிசிஐஇ 3.0, அங்கே அது பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பிய கேம், மிச்சத்தை ராமில் வைத்து இந்தக் குறுகிய வழியில்தான் இழுத்தாக வேண்டும். அப்போது படம் விட்டுவிட்டு ஓடும். இந்தக் கார்டில் வீடியோ என்கோடரும் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் பகுதி) கிடையாது என்பதால் கேமை ரெக்கார்டு செய்தால் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும்.

இரண்டாவது மின்சாரம். கார்டுக்கு 107 வாட் தேவை. ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். மிச்சத்துக்கு 6 பின் ஒயர் வேண்டும், ஆப்டிப்ளெக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இருக்காது. சாட்டா ஒயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரைக் கடையில் நீட்டுவார்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது, 6 பின்னோ 75 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாம் என்றால், அந்தத் தலைமுறை ஆப்டிப்ளெக்ஸ் போர்டில் வழக்கமான 24 பின் இல்லை, 8 பின்தான். அதற்கும் ஒரு மாற்று ஒயர் தேட வேண்டும்.

மூன்றாவது உயரம். சின்ன கேபினெட்டில் லோ புரொஃபைல் (குட்டையான) கார்டு மட்டுமே நுழையும்.

இத்தனைக்கும் பொருந்துவது, கூடுதல் ஒயர் கேட்காத லோ புரொஃபைல் ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி (70 வாட்). கேபினெட்டின் பின்பக்கம் மாட்டும் குட்டைத் தகடு பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஸ்லாட் தடிமன், அதனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே உள்ள இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 6400 இங்கே நுழையும், மின்சாரமும் போதும். ஆனால் அதுவும் 4 லேன், 4 ஜிபி என்பதால் அதே கதைதான். உங்கள் ஐ5இல் நான்கு கோர், நான்கு த்ரெட் மட்டுமே. புதிய பெரிய கேம்களில் கார்டுக்கு முன்னால் அதுதான் மூச்சு வாங்கும்.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்கிறேன், 1080பி (ஃபுல் ஹெச்டி) போதும். ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்எக்ஸ் 6600, ஆர்க் பி580 மூன்றில் எது?

முதலில் 3050ஐப் பிரித்துவிடுவோம். அந்தப் பெயரில் இரண்டு கார்டுகள் விற்கின்றன. 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட் பஸ் (நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலம்). 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட் பஸ். "இரண்டு ஜிபி மட்டும் கம்மி சார்" என்று சொல்வார்கள். சிப்பும் சிறியது, பஸ்ஸும் குறுகியது. மேலே சொன்னதுபோல எஸ்எம்பிஎஸ் கைவிட்ட கணினிக்கு அது நல்ல மருந்து. புது அசெம்பிளுக்கு எடுக்க வேண்டாம்.

3050 8 ஜிபியோடு வைத்துப் பார்த்தால் ஆர்எக்ஸ் 6600 சாதாரண கேம்களில் தெளிவாக முன்னால் நிற்கும். 132 வாட், ஒரே ஒரு 8 பின், 450 வாட் தரமான எஸ்எம்பிஎஸ் போதும். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடுவது) முக்கியம் என்றாலோ டிஎல்எஸ்எஸ் (சின்ன படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கி எஃப்பிஎஸ் கூட்டும் என்விடியா வசதி) வேண்டும் என்றாலோதான் என்விடியா பக்கம் யோசிக்கலாம். அப்படியானால் 3050ஐத் தாண்டி ஆர்டிஎக்ஸ் 5050, 5060 விலைகளைப் பாருங்கள்.

பி580 காகிதத்தில் பிரமாதம்: 12 ஜிபி, 192 பிட் பஸ். அது கேட்பது இரண்டு. ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக விடும் மதர்போர்டு அமைப்பு) ஆனில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வேகம் பெரிதும் சரியும். அடுத்து பிராசஸர். இன்டெல் டிரைவர் பிராசஸரை அதிகம் வேலை வாங்குகிறது. ரைசன் 5 2600 போன்ற பழையதில் பெரிய சரிவும், ரைசன் 5 5600இல்கூட சில கேம்களில் இறக்கமும் தெரிகிறது. புது பிராசஸர், 190 வாட்டைத் தாங்கும் எஸ்எம்பிஎஸ் இரண்டும் உங்கள் பட்ஜெட்டில் இருந்தால் தாராளமாக எடுங்கள். பழைய கணினிக்கு 6600.

கேள்வி: கேபினெட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகவே வந்தது. கார்டு பெட்டியிலும் 450 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. சரிதானே?

பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தைப் படியுங்கள். பிராசஸரும் கார்டும் அந்த 12 வோல்ட் வழியில்தான் பிழைக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12ஆல் பெருக்க 192 வாட். எஸ்எம்பிஎஸ்ஸில் எழுதிய 450 வெறும் ஸ்டிக்கர் கணக்கு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் மட்டுமே 35 ஆம்பியரைத் தாண்டும்.

உங்கள் தேவையைக் கூட்டுங்கள். ஐ5 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132, போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 300 வாட். கார்டு நொடிப்பொழுதில் இதைத் தாண்டியும் இழுக்கும் என்பதால் 450 தரமானது போதும், 550 நிம்மதி. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைத்தான் சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சாட்சி இல்லை.

எஸ்எம்பிஎஸ் திணறினால் வழக்கமான அறிகுறி இது: டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க ஓடும், கேம் திறந்ததும் நீலத்திரைகூட வராமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருக்கும்.

ஒயர் மாட்டும்போது ஓர் எச்சரிக்கை. பிராசஸருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். மாடுலர் (ஒயர்களைக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு பிராண்டின் ஒயரை அதில் மாட்டவே கூடாது.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

எடுப்பதற்கு முன் அது 580தானா என்று பாருங்கள். அசல் 580இல் 2304 ஷேடர் (கார்டின் கணக்கிடும் கோர்). சீனச் சந்தைக்கு வந்த 2048எஸ்பி கார்டும் 580 என்ற பெயரிலேயே சுற்றுகிறது. அதன் சிப் அளவில் 570தான். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோனால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய சிப்பில் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளையும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

2022 செப்டம்பரில் கார்டுகளை ஓட்டி எத்தேரியம் கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் முடிந்தபோது சந்தைக்கு வந்த கார்டுகள் ஏராளம். மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. முதலில் தேய்வது ஃபேன், காய்வது சிப்பின் மேல் தடவிய வெப்பப் பேஸ்ட், இரண்டையும் மாற்றலாம். நினைவகம் பழுதாகியிருந்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது. கடையிலேயே 15 நிமிடம் கேம் ஒன்றை ஓட்டச் சொல்லி, திரையில் வண்ணப் புள்ளியோ கட்டமோ தெரிகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். ஓட்டிக் காட்டமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

நம் தயக்கம் வேறு இடத்தில். 580க்கு 185 வாட் வேண்டும், 6600ஐவிட வேகம் மிகக் குறைவு, ஏஎம்டி இந்தத் தலைமுறைக்கான டிரைவர் அப்டேட்டையும் 2023 இறுதியில் சுருக்கிவிட்டது. ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே திறக்காத கேம்களும் வந்துவிட்டன; 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படித்தான். பழைய கேம்களும் வேலரன்ட்டும் மட்டும் என்றால் 580 போதும். இல்லையென்றால் அதே தெருவில் பழைய 6600 தேடுங்கள்.

கேள்வி: மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. புது கார்டில் வேலை செய்யுமா?

புது கார்டுகளில் அனலாக் சிக்னலே வராது. ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர், அதாவது உள்ளே சிப் உள்ளது, வாங்கினால் படம் வரும். இரு முனையும் வெறும் ஒயராக இருக்கும் கேபிள் வேலைக்காகாது.

கேள்வி: கார்டு மாட்டியும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) பழையபடியே இருக்கிறது!

மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? மதர்போர்டு துளையில் இருந்தால் பிராசஸரின் கிராபிக்ஸ்தான் ஓடுகிறது. கார்டின் துளைக்கு மாற்றுங்கள். இந்தக் கேள்விக்கு முக்கால்வாசி நேரம் பதில் இதுதான்.

அது சரியாக இருந்தால், கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் என்றால் கார்டு தன்னால் ஆனதைச் செய்கிறது. எஃப்பிஎஸ் அசையாமல் 60இல் நின்றால் விசிங்க்கை (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) அணைத்துப் பாருங்கள். அப்போதும் 50 சதவீதத்தில் கிடந்தால் பிராசஸரோ ராமோ தடுக்கிறது. ஒற்றை ராம் குச்சியா, எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு பிராசஸருக்குப் பக்கத்து ஸ்லாட்டில் இருக்க வேண்டும். கீழே உள்ள நீள ஸ்லாட்டில் பல போர்டுகளில் 4 லேன்தான் வரும்.

கேள்வி: இப்போதைக்கு ரைசன் 5 5600ஜி (உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸர்) வாங்கி, ஆறு மாதம் கழித்துக் கார்டு போடலாமா?

போடலாம். 8 ஜிபி ராம் இரண்டாக வாங்குங்கள். ஒற்றைக் குச்சியில் அதன் கிராபிக்ஸ் பாதி பலத்தில் தவழும். 5600ஜி பிசிஐஇ 3.0 மட்டுமே தரும் என்பதால் பின்னால் வாங்கும் கார்டு 8 அல்லது 16 லேனாக இருக்கட்டும். ஆர்டிஎக்ஸ் 5060இல் 8 லேன், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 16. 9060 எக்ஸ்டியிலும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு உண்டு. நினைவகம் நிரம்பி வழியும்போது இந்தப் பழைய ஸ்லாட்தான் அதிகம் வலிக்கும் என்பதால், கை எட்டினால் 16 ஜிபியை எடுங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்5 வகை போர்டுக்குப் போகிறீர்கள் என்றால் ரைசன் 5 8500ஜியைக் கார்டு போடும் திட்டத்தோடு வாங்க வேண்டாம். அது கார்டுக்குத் தருவது 4 லேன்தான். 8600ஜி 8 லேன் தரும்.