‘இறும்பூது’ இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?

வணக்கம். உங்கள் கதையில், மகளின் முதல் கச்சேரியைக் கேட்ட அப்பா ‘இறும்பூது எய்தினார்’ என்று நீங்கள் எழுதியதை நண்பர்கள் ‘கர்வப்பட்டார்’ என்று எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறீர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இறும்பூது என்றால் வியப்புதான். ஆனால் பக்கத்திலேயே இறுமாப்பு உட்கார்ந்திருக்கிறதே, காது அங்கேதான் போகும். மேடைப் பேச்சிலும் பெருமிதம் என்ற பொருளில் இது அடிபடுகிறது.

என்னைக் கேட்டால் எடுத்துவிடுங்கள். அரிய சொல் என்பதற்காக அல்ல. ‘பூவில் ஞிமிறு மொய்த்தது’ என்று எழுதினால் வாசகர் ஒரு நொடி நிற்பார், வண்டு என்று ஊகித்துக்கொள்வார், இல்லையென்றால் அகராதியைப் புரட்டுவார். தெரிந்த மாதிரி தோன்றும் சொல்தான் ஆபத்து. தப்பாகப் புரிந்துகொண்டதே தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். குறள் 1274-இல் ‘நாற்றம்’ மொட்டுக்குள் இருக்கும் மணம். இன்று உங்கள் கதாநாயகியின் கூந்தலுக்கு அதைப் போட்டுப் பாருங்களேன்!

சரித்திரக் கதை என்றால் ‘கண்கள் விரிய’ என்று ஒரு துணை கொடுத்து இறும்பூதைக் காப்பாற்றலாம். உங்களுடையது வீட்டுக் கதை, அதுவும் மகள் சொல்வது. ‘அப்பா வாயடைத்துப் போனார்’ போதும்.