பிரபலங்கள் 'கையெழுத்திட்ட' புத்தகத்தில் இருப்பது அவர்கள் கையால் போட்டதா, இயந்திரம் போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே பதிப்பின் இன்னொரு பிரதியிலுள்ள கையெழுத்தும் வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது வளைவுக்கு வளைவு, புள்ளிக்குப் புள்ளி பொருந்தினால் அது கையால் போட்டதல்ல. எந்த மனிதராலும் தன் கையெழுத்தை இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி போட முடியாது.

அச்சகத்தில் பக்க வடிவமைப்பு என் தொழில். ஸ்கேன் செய்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சரிபார்ப்பது அன்றாட வேலை. ஆசிரியர் கையெழுத்திட்ட புத்தகங்களைச் சேர்க்கும் ஆசையும் உண்டு. அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

இந்த விஷயத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் விவகாரம். 2022 நவம்பரில் அவருடைய 'தி ஃபிலாசஃபி ஆஃப் மாடர்ன் சாங்' வெளிவந்தது. அதில் 900 பிரதிகளை மட்டும் டிலன் தன் கையாலேயே கையெழுத்திட்டவை என்று சொல்லி, பிரதி 599 டாலருக்கு சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் விற்றது. கூடவே, கையெழுத்து அசல்தான் என்று பதிப்பகத் தலைவர் ஒப்பமிட்ட கடிதமும் வந்தது. புத்தகம் கைக்கு வந்த சந்தோஷத்தில் ஆளாளுக்குப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். அங்கேதான் குட்டு உடைந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் போட்ட படங்களில் கையெழுத்து அப்படியே ஒன்றாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு முதலில் கிடைத்தது மறுப்புத்தான். பிறகு நவம்பர் 20ஆம் தேதி பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு, வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

சில நாள் கழித்து டிலனும் ஒப்புக்கொண்டார். 2019இல் தனக்குக் கடுமையான தலைசுற்றல் வந்ததாகவும், கையெழுத்திட உட்கார்ந்தால் ஐந்து பேர் அருகிலேயே இருந்து உதவ வேண்டியிருந்ததாகவும், கொரோனா காலத்தில் அதற்கு வழியில்லாமல் போனதாகவும் சொன்னார். ஒப்பந்தக் கெடு நெருங்கியபோது இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம், இதெல்லாம் கலை, இலக்கிய உலகில் எப்போதும் நடப்பதுதான் என்ற உறுதியோடு. அவருடைய ஓவிய அச்சுப் பிரதிகள் சிலவற்றிலும் இதே கதைதான். உடம்புக்கு முடியாதவர் கையெழுத்துப் போடாததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 'கையால் இட்டது' என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியதைத்தான் ஏற்க முடியவில்லை. 599 டாலர் கொடுத்தவர் காகிதத்துக்கும் மைக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை டிலன் தொட்டார் என்பதற்காகக் கொடுத்தார்.

அந்த இயந்திரத்தின் பெயர் ஆட்டோபென். ராபர்ட் டி ஷாசோ என்ற அமெரிக்கர் 1940களில் இதை வணிக ரீதியாகச் செய்யத் தொடங்கினார். பழைய வகையில் கையெழுத்தின் அசைவுகளை விளிம்பில் செதுக்கிய ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். தகடு சுழலச் சுழல, அந்த விளிம்பைத் தொட்டுப் போகும் கை அசையும்; அதோடு இணைந்த இன்னொரு கை பேனாவைப் பிடித்து எழுதும். இப்போதைய இயந்திரங்களில் தகட்டுக்குப் பதில் கணினிக் கோப்பு. கென்னடி காலத்திலிருந்தே வெள்ளை மாளிகையில் இது புழக்கத்தில் உண்டு. 2011இல் ஒபாமா பிரான்சில் இருந்தபோது, பயங்கரவாதத் தடுப்புக்கான பேட்ரியட் சட்டத்தின் நீட்டிப்பில் வாஷிங்டனில் இருந்த ஆட்டோபென்தான் அவர் உத்தரவுப்படி கையெழுத்துப் போட்டது. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு வந்து குவிந்த ரசிகர் கடிதங்களுக்கும் இயந்திரம்தான் கைகொடுத்தது. எந்த வீரருக்கு எந்தெந்தக் கையெழுத்து மாதிரியை இயந்திரத்தில் ஏற்றினார்கள் என்று சேகரிப்பாளர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதில் எந்தப் பேனாவையும் மாட்டலாம் என்பதை மனதில் வையுங்கள். மார்க்கர், மைப்பேனா, பால்பாயிண்ட், பென்சில் என எது வேண்டுமானாலும். எனவே 'தொட்டுப் பார்த்தேன், நிஜ மை', 'பின்பக்கம் மை ஊறியிருக்கிறது' என்பதெல்லாம் அது அச்சடித்ததல்ல என்று மட்டுமே காட்டும். கை போட்டது என்று காட்டாது.

இனி லென்ஸ் வழியாகப் பார்ப்போம். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸ் போதும். கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் முதலில் பாருங்கள். நாம் கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே கை நகர ஆரம்பித்துவிடும். எடுக்கும்போதும் நகர்ந்தபடியே எடுப்போம். ஓடுபாதையில் விமானம் இறங்கி ஏறுவதைப் போல. அதனால் கோட்டின் இரு முனைகளும் மெலிந்து, கூராகத் தேய்ந்து போயிருக்கும். இயந்திரம் பேனாவை நேராக இறக்கி, ஒரு கணம் நின்று, பிறகு நகரும். முடிவிலும் நின்றுவிட்டு நேராகத் தூக்கும். இரு முனையிலும் சின்ன உருண்டைப் புள்ளியாக மை தேங்கும். மை உறிஞ்சும் காகிதத்தில் மார்க்கரால் போட்டிருந்தால் அந்தப் புள்ளி வெறும் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது அழுத்தமும் வேகமும். கை, வளைவில் நிதானிக்கும், நீள் கோட்டில் பாயும். கீழிறங்கும் கோடு தடிக்கும், மேலேறும் கோடு மெலியும். இயந்திரத்தின் கோடு தொடக்கம் முதல் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே தடிமன். பால்பாயிண்ட் என்றால் பக்கத்தைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள், இயந்திரம் போட்டதில் மேடு எங்கும் ஒரே சீராக இருக்கும். தடித்த மார்க்கரில் இந்த வித்தியாசம் மறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீளமான கோடுகளில் நுண்ணிய நடுக்கம் தெரிந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். வயதானவர்களுக்கும் கை நடுங்கும். ஆனால் மனித நடுக்கம் பிரதிக்குப் பிரதி இடம் மாறும். இயந்திரத்தின் நடுக்கம் எல்லாப் பிரதியிலும் அதே வளைவில், அதே இடத்தில் வரும். இதைக் காணவும் இரண்டாவது பிரதி வேண்டும்.

இரண்டாவது பிரதியை எங்கே தேடுவது? அதே பதிப்பை வாங்கியவர்கள் போட்ட படங்கள், ஏல விற்பனைப் படங்கள் இவற்றிலிருந்து முடிந்தவரை சேகரியுங்கள். உங்கள் பிரதியை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவர்கள் எடுத்தது செல்போன் படமாகத்தான் இருக்கும்; கோணமும் அளவும் மாறியிருக்கும். பக்கத்தில் அச்சு எழுத்துகள் இருந்தால் முதலில் அவற்றைப் பொருத்திக் கோணலைச் சரிசெய்யுங்கள். பிறகு கையெழுத்தின் முதல் எழுத்துத் தொடங்கும் புள்ளியையும் கடைசி எழுத்து முடியும் புள்ளியையும் மட்டும் ஒன்றாக வையுங்கள். மேலுள்ள படத்தைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கி, ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதை நீலமாகவும் மாற்றுங்கள். நடுவிலுள்ள எல்லா வளைவுகளும், எழுத்துகளுக்கு இடையேயுள்ள எல்லா இடைவெளிகளும் தாமாகவே ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அது இயந்திரம். கையால் போட்டவை என்றால் எங்காவது சிவப்பும் நீலமும் பிரிந்தே தீரும்.

இது புதிய உத்தி இல்லை. 1868இல் அமெரிக்காவில் ஹௌலண்ட் உயில் வழக்கு நடந்தது. சில்வியா ஹௌலண்ட் என்ற பெண்மணியின் பெயரில் இருந்த இரண்டு கையெழுத்துகள் மிகத் துல்லியமாகப் பொருந்தியதே சந்தேகத்துக்குக் காரணம். கணித மேதை பெஞ்சமின் பியர்ஸும் அவர் மகன் சார்லஸும் அதே பெண்மணியின் 42 அசல் கையெழுத்துகளை இரண்டிரண்டாக வைத்து, கீழிறங்கும் 30 கோடுகள் எத்தனை முறை பொருந்துகின்றன என்று எண்ணினார்கள். சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான் பொருந்தியது. முப்பதும் ஒருசேரப் பொருந்துவது இயற்கையில் நடக்கவே நடக்காது என்று பெஞ்சமின் பியர்ஸ் சாட்சி சொன்னார். வழக்கு கடைசியில் வேறு சட்டக் காரணத்தால் தீர்ந்தது என்றாலும், டிலன் ரசிகர்கள் திரையில் செய்தது ஏறக்குறைய அதே வேலைதான்.

இரண்டு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஒன்று, பொருந்தாவிட்டால் கையால் போட்டது என்று அர்த்தமில்லை. ஒரே பிரபலத்துக்குப் பல மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்றி மாற்றி மாற்றிப் போடலாம். டிலன் புத்தகத்திலும் மாதிரி ஒன்று மட்டும் இல்லை. ஆகவே ஒரு படத்தோடு ஒப்பிட்டு நிம்மதி அடையாமல் கிடைக்கும் எல்லாவற்றோடும் ஒப்பிடுங்கள். இரண்டு, கையெழுத்துள்ள தாள் தனியாக ஒட்டித் தைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆசிரியர் வீட்டுக்கு வெற்றுத் தாள்களை அனுப்பிக் கையெழுத்து வாங்கி, பிறகு புத்தகத்தோடு சேர்த்துக் கட்டுவது பதிப்பகங்களின் வழக்கமான முறை. ஆயிரக்கணக்கில் உண்மையாகவே கையெழுத்திடுபவருக்குக் கை களைத்துப்போகும். எழுத்துகள் சுருங்கும், சில எழுத்து கோடாகிவிடும். பிரதிகளுக்கிடையே அந்தக் களைப்பைக் கண்டால் எனக்கு நம்பிக்கை கூடும்.

சான்றிதழை நம்பலாமா என்று கேட்டால், டிலன் பிரதிகளோடும் உறுதிக் கடிதம் வந்ததைத்தான் சொல்வேன். கலிபோர்னியாவில் கையெழுத்திட்ட பொருள்களை விற்பவர் சான்றிதழ் தர வேண்டும் என்ற சட்டம் உண்டு. சிறு புத்தகக் கடைகளுக்கு அது பெரும் சுமை என்று எதிர்ப்புக் கிளம்பியதால் 2017இலேயே புத்தகங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைகளின் கஷ்டம் நியாயமானது, ஆனால் புத்தகம் வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வாங்கும் முன் நீங்கள் செய்யக்கூடியது: விற்பனைப் பக்கத்தில் 'கையால் இட்டது' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள்; 'கையெழுத்துடன்' என்று மட்டும் இருந்தால் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். பழைய பிரதி என்றால் உங்களுக்கு வரப்போகும் அதே பிரதியின் படத்தைக் கேளுங்கள். யாரோ ஒருவர் பெயரெழுதி, ஒரு வரி வாழ்த்தும் தேதியும் சேர்த்துக் கையெழுத்திட்ட பிரதியைச் சேகரிப்பாளர்கள் பலர் ஒதுக்குவார்கள், விலையும் சில சமயம் குறைவாக இருக்கும். நான் அதைத்தான் தேடி வாங்குகிறேன். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரி எழுத இயந்திரத்தை மாற்றி அமைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. டிலனின் அந்த 900 பிரதிகளில் ஒன்று உறுதிக் கடிதத்தோடு எங்காவது விற்பனைக்கு வந்தால், கடிதத்தைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள்.