‘செக்’ எத்தனை செக்?

கேள்வி: பேங்க் செக், கட்டம் போட்ட செக் சட்டை, செஸ்ஸில் வைக்கும் செக், “ஒரு தடவை செக் பண்ணிடு” என்கிறோமே அந்த செக், நாலும் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான். வேர், ராஜாவைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘ஷா’. ஷாஜகானில் இருப்பதும் அதுதான். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது “ஷா!” என்று எச்சரிப்பார்கள். அது அரபு வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் ‘எஷெக்’ ஆகி, ஆங்கிலத்தில் செக் ஆனது. (‘செஸ்’ என்ற பெயரே எஷெக்கின் பன்மையிலிருந்து வந்ததுதான்!) செக் விழுந்த ராஜா நினைத்தபடி நகர முடியாது, அதனால் ‘தடு’ என்ற பொருள் வந்தது. தப்பு நடக்காமல் தடுக்கச் சரிபார்க்க வேண்டும், அப்படித்தான் ‘செக் பண்ணு’. சட்டைக்குப் பெயர் தந்தவை சதுரங்கப் பலகையின் கட்டங்கள்.

கேள்வி: பேங்க் செக்கை மட்டும் பிரிட்டிஷ்காரர்கள் வேறு மாதிரி எழுதுவது ஏன்?

பதில்: 18-ஆம் நூற்றாண்டில், கள்ளக் கையெழுத்தைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் செக் என்று பெயர். பிறகு அது தாளுக்கே ஒட்டிக்கொண்டது. check என்பது cheque என்று மாறியதற்குக் காரணம் ‘எக்ஸ்செக்கர்’ (exchequer), அதாவது அரசுக் கருவூலம்; அந்தச் சொல்லின் சாயலில்தான் எழுத்து மாறியது. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. மேலே கறுப்புத் துணி, அதில் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். வரி வசூலித்து வந்த அதிகாரியின் எதிரில், பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று காய் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். பார்த்தால் செஸ் ஆடுவது போலவே இருக்கும், அதனால்தான் எக்ஸ்செக்கர் என்ற பெயர். பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றும் எக்ஸ்செக்கர் உண்டு.

கேள்வி: செக்மேட் என்றால் ‘ராஜா செத்தார்’ என்கிறார்களே?

பதில்: அரபில் ‘மாத்த’ என்றால் இறந்தான், அதை வைத்துச் சொல்வது. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திக்கற்றுப்போன நிலை. என் ஓட்டு இதற்குத்தான். பலகையில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே!

கேள்வி: அமெரிக்க ஓட்டலில் “செக் ப்ளீஸ்” என்கிறார்கள். செக் புத்தகத்தையா கேட்கிறார்கள்?

பதில்: இல்லை, பில்லை.

கேள்வி: அப்படியானால் செக்கு எண்ணெய்? செக் குடியரசு?

பதில்: ரெண்டுக்கும் ராஜாவோடு உறவு இல்லை. எண்ணெய் ஆட்டும் செக்கு நம்ம ஊர்ச் சொல். செக் குடியரசு அந்த மக்களின் இனப்பெயர்; ஆங்கிலத்தில் அதை எழுதும்போது சி-க்குப் பக்கத்தில் இசட் வருவது போலிஷ் மொழியின் எழுத்துமுறை.